ஹாவியாவில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு சாவிக்காரர்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஸ்பெயினின் கோஸ்தா பிளாங்கா கரையில் வீட்டை வாங்கிப் போட்டுவிட்டு இங்கிலாந்தில் உட்கார்ந்திருப்பவர்களின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, மாதாமாதம் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் இந்தச் சேவை. கீ ஹோல்டிங் என்பார்கள். அந்தக் கரையில் இருக்கும் ஹாவியா ஊரில் நாங்கள் எடுத்திருப்பது ஒரு ஆங்கிலேயப் பெண்மணி நடத்தும் சின்ன நிறுவனம். அவர், அவருக்குக் கீழே இரண்டு பேர், குழாய் கதவு வேலைக்கு ஒரு வலென்சியாக்காரர், அவ்வளவுதான் ஆள்பலம். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். தவிர, அந்தப் பக்கத்தில் இதே மாதிரி, கிட்டத்தட்ட இதே விலையில், இதே ஒப்பந்தத் தாளோடு நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரிடம் போனாலும் நான் சொல்வது ஒத்துப்போகும். மதிப்பெண் முதலிலேயே வேண்டுமென்றால் சாவி வேலைக்கு ஐந்துக்கு நாலரை, அதோடு ஒட்டி அவர்கள் நீட்டும் மற்ற சேவைகளுக்கும் கையெழுத்துத் தாள்களுக்கும் ஒன்றரை.

இந்தச் சேவைக்கு இவ்வளவு கிராக்கி வந்ததற்கு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்தான் பெரிய காரணம். முன்பெல்லாம் ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் தம்பதிகள் அக்டோபரில் போனால் ஈஸ்டர் வரை அங்கேயே இருப்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள், வீட்டுக்கும் அது நல்லது. 2020 டிசம்பர் 31-உடன் அந்தக் கதை முடிந்தது. அதற்கு முன்பே ஸ்பெயினில் சட்டப்படி குடியிருந்தவர்கள் விலகல் ஒப்பந்தத்தின் கீழ் டிஐஇ எனும் வெளிநாட்டவர் அடையாள அட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும், எங்களையும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்தாலும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள், மொத்தம் 90 நாள்தான். வீடு சொந்தம், வரி கட்டுகிறோம், அதெல்லாம் எல்லையில் செல்லாது. 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதைப் படிப்படியாக விட்டுவிட்டுக் கைரேகையும் முகப்படமும் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், நாள் கணக்கைக் கணினியே போட்டுவிடும், முத்திரை மங்கலாக இருக்கிறது என்று சமாளிக்கவும் வழியில்லை. ஆக, பாதி வருடத்துக்கு மேல் வீடு பூட்டியே கிடக்கிறது. கடலோர ஊரில் பூட்டிய வீடு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை அங்கே ஒரு குளிர்காலம் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: சுவரில் பூஞ்சை, அலமாரிக்குள் ஈரவாடை, ஜன்னல் கைப்பிடியில் உப்பு அரித்த துரு.

எங்களுடையது தனி வில்லா இல்லை, அடோசாடோ எனும் வரிசை வீடு. கீழே ஒரு திண்ணை, மேலே சொலாரியம் என்று சொல்லும் மொட்டை மாடி, பொதுவில் ஒரு நீச்சல் குளம், சுற்றி பைன் மரங்கள். மாடியில் நின்றால் மோங்கோ மலை முழுசாகத் தெரியும், அந்தக் காட்சிக்குத்தான் வாங்கினோம் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பைன் மரங்கள் என்ன செய்யும் என்று விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

விலைக்கு வருவோம். மாதம் இரண்டு தடவை வந்து பார்க்க 65 யூரோ என்று போட்டிருக்கும். அதன்மேல் ஐவிஏ எனும் மதிப்புக் கூட்டு வரி 21 சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும், ஆக 78 யூரோ 65 சென்ட். அங்கே எந்த விலையைச் சொன்னாலும் ஐவிஏ சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிரிட்டனில் கடையில் போட்ட விலையே கடைசி விலை என்று பழகியவர்களுக்கு இது சிரமம்தான். அவசரமாக இரவிலோ ஞாயிற்றுக்கிழமையோ கூப்பிட்டால் தனியாக 40 யூரோ. நாங்கள் போய் இறங்கும் நாளுக்கு முன் படுக்கை விரித்து, ஃப்ரிட்ஜில் பால், ரொட்டி வைப்பதற்குத் தனிக் கட்டணம், அதை நாங்கள் எடுக்கவில்லை, அரெனால் கடற்கரைக்குப் போகிற வழியிலேயே சூப்பர் மார்க்கெட் இருக்கிறது.

வந்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கு இந்தக் காசு அதிகம். இந்தப் பெண்மணி அப்படி இல்லை. நாங்கள் அங்கே இருந்தபோதே ஒரு தடவை தன் ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், நானும் கூடவே போய்ப் பார்த்தேன். முதலில் மின் பெட்டியைத் திறந்து எந்த சுவிட்சாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். இடி மின்னலில் அது விழுந்து, ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் அழுகி, அந்த நாற்றம் ரப்பர் பட்டையில் ஏறிவிட்டால் ஃப்ரிட்ஜையே தூக்கிப்போட வேண்டியதுதான் என்பதால், நாங்கள் கிளம்பும்போது ஃப்ரிட்ஜை அணைத்து, காலி செய்து, கதவிடுக்கில் துண்டைச் செருகி வைக்கச் சொல்வது அவர் பழக்கம். அப்புறம் எல்லா பெர்சியானாவையும், அதாவது ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சுருள் ஷட்டரை, முழுசாக மேலே தூக்கி, ஜன்னலைத் திறந்து வைத்தார். அரை மணி நேரமாவது காற்றோட வேண்டும் என்றார். ஷட்டரை மேலே ஏற்றி இறக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் நாடா இறுகி, ஒரு நாள் அறுந்துவிடுமாம்.

குளியலறையில்தான் எனக்கு ஆச்சரியம். தரையில் வட்டமாக ஒரு எவர்சில்வர் மூடி இருக்கும், ஸ்பானிய வீடுகளில் பெரும்பாலும் உண்டு, எதற்கென்று யாரும் கவனிப்பதில்லை. வாஷ்பேசின், ஷவர் தண்ணீரெல்லாம் அந்த மூடிக்குக் கீழே இருக்கும் ஒரு கிண்ணத்தில் வந்து நின்றுதான் சாக்கடைக்குப் போகிறது. அதில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. கோடையில் ஆறு வாரம் ஆளில்லை என்றால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். வீடு நாறுவது மட்டுமில்லை, கரப்பான்பூச்சி ஏறி வருவதும் அந்த வழியாகத்தான். அவர் எல்லாக் குழாயையும் ஒரு நிமிடம் ஓடவிட்டார், பிறகு பையில் இருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அந்தக் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றினார். எண்ணெய் மேலே படலமாக நின்றால் கீழே இருக்கும் தண்ணீர் லேசில் வற்றாது. மூடியைத் திருகும்போது விரலால் அந்த ரப்பர் வளையத்தையும் தடவிப் பார்த்து, இது வெடித்திருக்கிறது, ஒன்றரை யூரோதான், அடுத்த தடவை மாற்றிவிடுகிறேன் என்றார். மாற்றினார், பில்லில் ஒன்றரை யூரோவே போட்டிருந்தார். நாலரை மதிப்பெண்ணில் பாதி அந்த ரப்பர் வளையத்துக்கு.

அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், புகைப்படம். ஒவ்வொரு தடவை போய்விட்டு வந்ததும் அறைவாரியாகப் படம் எடுத்து அறிக்கை அனுப்புவார்கள். ஒரு பிப்ரவரி அறிக்கையில் சமையலறைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்புக்குக் கீழே ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டர் கம்பீரமாக நிற்கிறது. அந்தச் சிலிண்டரை நாங்கள் முந்தைய டிசம்பரிலேயே கொடுத்துவிட்டு மின்சார அடுப்பு வைத்துவிட்டோம். படத்தை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன், வேறொன்றும் எழுதவில்லை. அன்று மாலையே அந்தப் பெண்மணியிடம் இருந்து போன் வந்தது. அந்த வாரம் தான் ஊரில் இல்லை, போக வேண்டிய ஆள் போகவில்லை, பழைய படத்தைப் போட்டிருக்கிறார் என்று மழுப்பாமல் சொல்லிவிட்டார், அந்த மாதக் கட்டணத்தையும் கழித்துக்கொண்டார். இப்போது படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், வாசலில் ஆரம்பித்து மாடி வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ, நடுவில் மின் மீட்டரின் எண் தெரிய வேண்டும். மீட்டர் எண் பின்னால் போகாது. இந்தச் சேவையை எடுக்கிற யாராக இருந்தாலும் முதல் நாளே இதைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள், நேர்மையானவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது பைன் மரத்துக்கு வருகிறேன். வருடம் முழுக்க ஊசி இலை உதிரும், அது மொட்டை மாடி வடிகால் வாயில் போய் வலை பின்னியது போல அடைத்துக்கொள்ளும். பைன் மரத்தில் குளிர்காலத்தில் வெள்ளைப் பஞ்சுக் கூடு கட்டும் கம்பளிப்பூச்சி வேறு, ஜனவரிக்கு மேல் வரிசை கட்டி இறங்கும், நாய் மூக்கை வைத்தால் ஆபத்து. நாய் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெண்மணி முன்கூட்டியே செய்தி அனுப்பிவிடுவார், நல்ல பழக்கம். ஆனால் வீட்டுக்கு எமன் ஊசி இலைதான். ஏனென்றால் அந்தக் கரையில் மழை பெய்யும் விதம் வேறு. மாதக்கணக்கில் சொட்டு விழாது, செப்டம்பர் அக்டோபரில் கோத்தா ஃப்ரியா என்று அவர்கள் பயந்து சொல்லும் மழை வந்தால் ஒரு ஆண்டின் மழை ஒரே நாளில் கொட்டும். 2019 செப்டம்பரில் அதே அலிகாந்தே மாகாணத்தின் தென்பகுதியில், ஒரிகுவேலா பக்கம், ஊர்களே மூழ்கின. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் வந்த பெருவெள்ளம் உலகத்துக்கே தெரியும். ஹாவியாவுக்கு 2020 ஜனவரியில் குளோரியா புயல் வந்தபோது துறைமுகத்தையும் அரெனால் கரையையும் கடல் அடித்து நொறுக்கியது.

எங்கள் வீட்டுக்கு வந்தது அவ்வளவு பெரிய மழை இல்லை. செப்டம்பர் முதல் வாரத்திலேயே அவர் ஆளை அனுப்பி மாடி வடிகாலைச் சுத்தம் செய்திருந்தார், ஒரு சாக்கு நிறைய ஊசி இலை, வீடியோவில் காட்டினார். ஆனாலும் கிழக்கில் இருந்து லெவாந்தே காற்றோடு மழை பக்கவாட்டில் அடித்தால் மாடிக் கதவின் அடியில் தண்ணீர் நுழையத்தான் செய்யும். நாங்கள் இங்கிலாந்தில் செய்தி பார்த்து, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, காலை எட்டு மணிக்கு அவரே வீடியோ அனுப்பிவிட்டார்: மாடிப்படியில் தண்ணீர் இறங்கிய கறை, கீழ் அறையில் ஊறிப்போன சுவரடி ஸ்கர்ட்டிங் பலகை, அலமாரிக் கதவு உப்பி மூட முடியாமல் நிற்பது, எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன்பே எடுத்திருந்தார். துடைப்பதற்கு முன்பே என்பதுதான் விஷயம்.

காப்பீட்டில் அந்த ஊர் விதிகள் தெரியாத பிரிட்டிஷ்காரர்கள் நிறைய ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பெயினில் வீட்டுக் காப்பீடு எடுத்தால் அதோடு ஒரு சிறு கூடுதல் தொகை கொன்சோர்சியோ எனும் அரசு அமைப்புக்குப் போகிறது. வெள்ளம், கடல் ஏறி வருவது, மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டிய சுழற்காற்று போன்றவற்றுக்கு இழப்பீடு தருவது அவர்கள், நம் காப்பீட்டு நிறுவனம் இல்லை. ஆனால் கூரையிலோ மாடியிலோ நேராக விழுந்து உள்ளே இறங்கிய மழை அவர்கள் கணக்கில் வராது, அது நம் நிறுவனத்தின் பொறுப்பு, அங்கேயும் பெரும்பாலான பாலிசிகளில் மணிக்குச் சதுர மீட்டருக்கு 40 லிட்டருக்கு மேல் பெய்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். ஸ்பானிய வானிலைத் துறையான ஆமெத் வைத்திருக்கும் கணக்கை எடுத்துச் சரிபார்ப்பார்கள். இதையெல்லாம்விட முக்கியம், சேதம் தெரிய வந்ததில் இருந்து 7 நாளுக்குள் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காப்பீட்டு ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. கிறிஸ்துமஸுக்குப் போய்க் கதவைத் திறந்து, அக்டோபரில் ஊறியதைக் கண்டுபிடித்தால் நீங்கள் சொல்வதை நம்ப வைப்பதே பெரும்பாடு. அந்த வீடியோ இருந்ததால் எங்களுக்குப் பேச்சே எழவில்லை, பெரித்தோ எனும் மதிப்பீட்டாளர் வந்தபோது கதவைத் திறந்துவிட்டதும் அந்தப் பெண்மணிதான். அந்த ஒரு வாரத்திலேயே அந்த வருடத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வந்துவிட்டது.

தபால் பெட்டி வேலையும் இதில் சேர்த்திதான், பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐபிஐ எனும் சொத்து வரியை அலிகாந்தே மாகாணத்தில் சூமா என்ற அமைப்பு வசூலிக்கிறது. வங்கிக் கணக்கில் தானாகக் கழியும்படி வைத்திருந்தால் சரி, வங்கி மாறி அது நின்றுபோய், கடிதம் பெட்டியிலேயே கிடந்தால் 5 சதவீதத்தில் தொடங்கி 20 சதவீதம் வரை அபராதம் ஏறும், அதன்மேல் வட்டி. போக்குவரத்து அபராதம் என்றால் 20 நாளுக்குள் கட்டினால் பாதிதான், அதுவும் கடிதத்தை யாராவது பார்த்தால்தான். பதிவுத் தபால் வந்து ஆளில்லை என்றால் தபால்காரர் சீட்டை வைத்துவிட்டுப் போவார், அந்தத் தபாலைச் சாவிப் பெண்மணி போய் வாங்க வேண்டுமென்றால் எங்கள் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். அந்த ஒரு தாளில் மட்டும் தயங்காமல் கையெழுத்துப் போட்டோம். உறையைப் பிரிக்காமல் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புவார், பிரி என்றால் பிரிப்பார்.

இனி அந்த ஒன்றரை மதிப்பெண் பக்கம்.

பழுது பார்ப்பதில் ஆரம்பிக்கிறேன், அது சின்ன விஷயம். 80 லிட்டர் வாட்டர் ஹீட்டர் ஓட்டை விழுந்து மாற்ற வேண்டி வந்தது. வேலை சுத்தம். பில்லில் ஹீட்டர், கூலி, ஐவிஏ என்று மூன்று வரி. அந்த ஹீட்டரின் விலை கடையில் எவ்வளவு என்று பார்த்தால் இடையில் கணிசமாக இடிக்கிறது. கேட்டதும், மூன்றாம் ஆள் மூலம் செய்யும் வேலைக்கு 15 சதவீதம் மேற்பார்வைக் கட்டணம் உண்டு, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். இருக்கிறதுதான், கடைசிப் பக்கத்தில். அவர்கள் நின்று வேலை வாங்குகிறார்கள், அதற்குக் காசு கேட்பது நியாயம், ஆனால் தனி வரியாகப் போட வேண்டும், பொருளின் விலைக்குள் கரைத்துவிடக் கூடாது. இப்போது 100 யூரோவுக்கு மேல் எந்த வேலையானாலும் முன்கூட்டி எழுத்தில் மதிப்பீடு என்று வைத்துக்கொண்டோம்.

வரி பேக்கேஜ் அடுத்தது. அங்கே குடியிராமல் வீடு மட்டும் வைத்திருப்பவர், வாடகைக்கு விடாவிட்டாலும், வீட்டை அனுபவிப்பதாலேயே ஒரு கற்பனை வருமானம் வருவதாக வைத்து வரி கட்ட வேண்டும். மொதேலோ 210 என்ற படிவம், ஒரு ஆண்டுக்கானதை அடுத்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் போட வேண்டும். கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஐபிஐ ரசீதில் இருக்கும் வலோர் கதாஸ்திரால் எனும் அரசு மதிப்பை எடுங்கள், அது கடந்த பத்து ஆண்டுக்குள் திருத்தப்பட்டிருந்தால் அதில் 1.1 சதவீதம், இல்லையென்றால் 2 சதவீதம், அதுதான் அந்தக் கற்பனை வருமானம். அதில் பிரிட்டிஷ்காரர்களுக்கு 24 சதவீதம் வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருப்பவர்களுக்கு 19-தான். மதிப்பு 1,20,000 யூரோ என்றால் 2 சதவீதக் கணக்கில் வருமானம் 2,400, வரி 576. அதே மதிப்புக்கு 1.1 என்றால் 316 யூரோ 80 சென்ட். இரண்டுக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால் எந்தச் சதவீதம் போட்டார்கள் என்று கேட்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் ஆளுக்கொரு படிவம், அதனால் கட்டணமும் இரண்டு. நாங்கள் எடுத்த நிறுவனம் இதைத் தானே செய்வதில்லை, ஊரில் இருக்கும் ஒரு ஹெஸ்தோரிடம், அதாவது அரசாங்கத் தாள் வேலை பார்த்துக் கொடுப்பவரிடம், அனுப்பிவிட்டு நடுவில் ஒரு தொகையை வைத்துக்கொள்கிறது. நேராக ஒரு ஹெஸ்தோரிடமே போய்விட்டோம், அவருக்கு ஆங்கிலம் சுமார்தான், ஆனால் படிவத்தில் இருப்பது எண்கள்தானே, சமாளிக்க முடிகிறது. கட்டணம் பாதிக்கும் குறைவு.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது ஓட்டு விஷயத்தில்.

பொதுக் குளமும் தோட்டமும் இருப்பதால் எங்கள் வரிசைக்கு ஒரு கொமுனிதாத் உண்டு, உரிமையாளர் சங்கம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி நடக்கிறது. சட்டப்படி தலைவராக இருப்பவர் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும், முறை வைத்தோ குலுக்கியோ கூடத் தேர்ந்தெடுக்கலாம், பெயர் வந்துவிட்டால் மாட்டேன் என்று சும்மா கையைக் கழுவ முடியாது, நீதிமன்றத்தில் போய்த்தான் விடுவிக்கச் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் ஒரு முகவரி கொடுத்து வைக்கவில்லை என்றால் சங்க நோட்டீஸ் அந்த வீட்டுக்கே வரும், அங்கே கொடுக்க ஆளில்லை என்றால் அறிவிப்புப் பலகையில் ஒட்டி மூன்று நாள் ஆனால் உங்களிடம் கொடுத்ததாகவே கணக்கு. ஆண்டுக் கூட்டத்துக்கு முதல் அழைப்பு காலை 10 மணி, இரண்டாம் அழைப்பு 10.30 என்று போட்டிருப்பார்கள். முதல் அழைப்புக்குப் போதிய ஆள் வராது என்று எல்லோருக்கும் தெரியும், 10.30-க்குத்தான் வருவார்கள், அப்போது வந்தவர்களை வைத்தே நடத்தலாம். வராதவர்கள் யாரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் ஓட்டுப் போடுவார். சாவி நிறுவனம் இதை இலவச சேவையாகச் செய்து தருகிறேன் என்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நாங்கள் போய் உட்கார்ந்துகொள்கிறோம் என்று.

2025 ஏப்ரல் 3 முதல், ஒரு கொமுனிதாதில் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு வீடு விட வேண்டுமென்றால் சங்கத்தின் முன் ஒப்புதல் வேண்டும், உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர், அவர்கள் வீடுகளுக்குச் சங்கத்தில் உள்ள பங்கு அளவிலும் ஐந்தில் மூன்று. எங்கள் வரிசையில் மூன்று வீட்டுக்காரர்கள் அந்த ஒப்புதல் கேட்டுத் தீர்மானம் வைத்தார்கள். அந்த மூன்று வீட்டையும் வாடகைக்கு விட்டு நடத்தப் போவது யார்? இதே சாவி நிறுவனம். அதன் கையில் வராத பிரிட்டிஷ் உரிமையாளர்களின் கையெழுத்துத் தாள்கள் ஒரு கட்டு. நாங்கள் எங்கள் தாளில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆம், இல்லை என்று கையால் எழுதித்தான் கொடுத்தோம், இதில் இல்லை என்று. அதை மீறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மற்றவர்கள் தந்தது வெற்றுத் தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர், யார்க்ஷயர்காரர், மதியத் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று விடுமுறைக் கும்பலைக் கண்டாலே எரிந்து விழுபவர், அவர் ஓட்டும் ஆம் பக்கம் விழுந்திருக்கிறது. ஆக்தா எனும் கூட்டக் குறிப்பு ஸ்பானிய மொழியில் வந்ததும் அவர் அதை மடித்து டிராயரில் வைத்துவிட்டார், நான் போய் அவர் பெயருக்கு நேரே இருந்ததைக் காட்டியபோதுதான் தெரிந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை, அதுதான் எரிச்சல். அந்தப் பெண்மணியிடம் கேட்டேன், உங்களுக்கு இதில் ஆதாயம் இருக்கிறதே, அதைச் சொல்லிவிட்டாவது கையெழுத்து வாங்கியிருக்கலாமே என்று. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன் என்றார். குழாய் வளையத்துக்கு ஒன்றரை யூரோ கணக்காகப் போடுபவரிடம் இருந்து இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

அதே தட்டில் வைத்து நீட்டும் இன்னொரு தாள் பொதேர் எனும் அதிகாரப் பத்திரம். மின் இணைப்பு மாற்ற, வங்கியில் பேச, வரி கட்ட, எல்லாவற்றுக்கும் வசதி என்று சொல்லி நோட்டரியிடம் பொது அதிகாரம் எழுதித் தரச் சொல்வார்கள். அதில் வீட்டை விற்கும், அடமானம் வைக்கும் அதிகாரம் கூட ஒரு வரியில் சேர்ந்திருக்கலாம். அவசியம் வந்தால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் தனி அதிகாரம் கொடுங்கள். இங்கிலாந்தில் இருந்தபடியே நோட்டரியிடம் எழுதி, வெளியுறவு அலுவலகத்தில் அப்போஸ்டில் எனும், வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் சான்று முத்திரை வாங்கி அனுப்பலாம், கொஞ்சம் அலைச்சல்தான், இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்ததைத் திரும்பப் பெறவும் நோட்டரிதான், வாட்ஸ்அப்பில் ரத்து என்று அனுப்பினால் செல்லாது.

ஒகுபா பயத்தைக் காட்டி அலாரம் விற்பதும் உண்டு, ஆளில்லாத வீட்டில் புகுந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று. எங்கள் வரிசையில் இதுவரை அப்படி நடந்ததில்லை. தபால் பெட்டி நிரம்பாமல், ஷட்டர் அவ்வப்போது ஏறி இறங்கினாலே பாதிப் பயம் போகும், அதற்குத்தான் ஏற்கெனவே காசு கொடுக்கிறோமே. அலாரம் வேண்டாம் என்றோம், அவர் வற்புறுத்தவில்லை.

இதற்குப் பதிலாக மாதம் 30 யூரோ கையில் கொடுத்தால் போதும், ரசீதெல்லாம் எதற்கு என்று வரும் நம் ஆட்களும், அதாவது பிரிட்டிஷ் ஆட்களும், அங்கே உண்டு. பாதிப் பேர் நல்லவர்கள். ஆனால் அவர்கள் அங்கே சுயதொழிலாகப் பதிவு செய்தவர்கள் இல்லை, பொறுப்புக் காப்பீடு கிடையாது, குழாயைத் திறந்துவிட்டு மறந்து கீழ்வீடு ஊறினால் பில் உங்களுக்கு. கூடவே, அவர்களும் 90 நாள் கணக்கில் வந்து போகிறவர்கள் என்றால், நவம்பரில் மழை கொட்டும்போது அவர்களும் இங்கிலாந்தில்தான் இருப்பார்கள்.

நாங்கள் அடுத்த வருடத்துக்கும் இந்தப் பெண்மணியையே வைத்திருக்கிறோம், சாவி வேலைக்கு மட்டும். கூட்டத்துக்கு எங்கள் தாளை இப்போது வருடம் முழுக்க அங்கேயே இருக்கும் ஒரு டச்சுக்கார அம்மாவிடம் கொடுக்கிறோம், அவர் கூட்டம் முடிந்ததும் யார் என்ன கத்தினார்கள் என்பது வரை எழுதி அனுப்புகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு வரி மட்டும் சேர்த்தோம், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் சாவிக்கு எத்தனை நகல், எந்தெந்த ஆளிடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் எல்லாம் திரும்பி வரும் என்று. நான்கு நகல் என்று எழுதித் தந்தார். நாங்கள் கொடுத்தது இரண்டு, மீதி இரண்டை யார் கேட்டு வெட்டினார்கள் என்று கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் கீழே சேர்க்கிறேன்.